மூளை ரத்தக்குழாயின் சுவரையும் படம் எடுக்க வேண்டுமா? – வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

பக்கவாதம் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான். மூளையில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, அல்லது புடைத்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ‘வெஸல் வால் எம்.ஆர்.ஐ.’ என்று, ரத்தக்குழாயின் சுவரைப் பார்க்கும் இன்னொரு ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார்கள். அது எதற்கு, எடுத்தால் என்ன தெரியும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதே என் தொழில் என்பதால், இந்த இதழை முழுவதும் இதற்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. என் வீட்டுக்காரருக்கு 44 வயது. சுகர், பி.பி. கிடையாது. பீடி, சிகரெட், குடி எதுவும் இல்லை. தை அறுவடை நேரத்தில் களத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு இடது கை துவண்டு, பேச்சும் குழறியது. இப்போது ஓரளவு தேறிவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் வலது பக்கத்து ரத்தக்குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு டாக்டர் கொழுப்பு படிந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், “ரத்தக்குழாய் அழற்சியாகவும் இருக்கலாம், சுவரைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ஸ்டீராய்டு பற்றி யோசிப்போம்” என்கிறார். ஏற்கெனவே எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோ இரண்டும் எடுத்தாகிவிட்டது. நகையை அடகு வைத்துத்தான் பார்க்கிறோம். மறுபடியும் எடுக்கத்தான் வேண்டுமா? – மேலூர் வாசகி

பதில்: எடுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அடகு வைத்த பணத்தில் எடுக்கப்போகிறீர்கள், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் பெரியாறு வாய்க்காலில் ஓரிடத்தில் தண்ணீர் ஒடுங்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரை சரிந்திருக்கலாம், வண்டல் சேர்ந்திருக்கலாம், யாரோ ஷட்டரை இறக்கியிருக்கலாம். தண்ணீரை மட்டும் மேலிருந்து படம் பிடித்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஆஞ்சியோ அப்படிப்பட்ட படம்தான். 1927-ல் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் ஏகாஸ் மோனிஸ் லிஸ்பனில் முதன்முதலாக மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்-ரேயில் காட்டிய நாளிலிருந்து, தொடை வழியாகக் குழாய் விட்டு எடுப்பதானாலும் சி.டி.யில் எடுப்பதானாலும் எம்.ஆர்.ஐ.யில் எடுப்பதானாலும், நாம் பார்த்து வந்தது குழாய்க்குள் ஓடும் ரத்தத்தைத்தான். நோயோ சுவரில் இருக்கிறது.

சுவரைப் பார்ப்பது ஏன் இத்தனை காலம் முடியவில்லை என்றால், அது அவ்வளவு மெல்லியது. மூளையின் முக்கியமான ரத்தக்குழாய்களில் ஒன்றான நடு மூளைத் தமனியே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுதான். அதன் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே ரத்தம், வெளியே மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. உள்ளேயும் வெளியேயும் வெளிச்சமாக இருந்தால் கோடு காணாமல் போய்விடும். அதனால் இந்த ஸ்கேனில் இரண்டையும் கறுப்பாக்கிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் இயந்திரம் அனுப்பும் அலைகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்குள் நகர்ந்து போய்விடும், அதனால் படத்தில் கறுப்பாக விழும். ஓடாமல் நிற்கிற சுவர் மட்டும் சாம்பல் நிறத்தில் தங்கும். அப்புறம் கையில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, சில நிமிடம் விட்டு, அதே படத்தை மறுபடியும் எடுப்போம். சுவர் நோயுற்று இருந்தால் மருந்து அதற்குள் கசிந்து, அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

நான் ரிப்போர்ட் எழுதும்போது குழாயைக் குறுக்காக வெட்டிய படத்தைத்தான் முதலில் திறப்பேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றிச் சுவர். அந்தச் சுவர் வளையம் முழுவதும் ஒரே அளவில் தடித்து, முழுவதும் பளிச்சென்று இருந்தால், அழற்சியை நினைப்பேன். ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தடித்து, கறுப்புப் புள்ளியை எதிர்ப் பக்கம் ஒதுக்கியிருந்தால், கொழுப்புப் படிவு. மருந்து ஏற்றுவதற்கு முன்பே பிறை போல வெள்ளையாக இருந்தால், சுவர் கிழிந்து அதற்குள் ரத்தம் புகுந்திருக்கிறது. சுருக்கம் இருக்கிறது, ஆனால் சுவர் பளிச்சிடவே இல்லை அல்லது மிக லேசாகத்தான் இருக்கிறது என்றால், குழாய் தற்காலிகமாக இழுத்துப் பிடித்திருக்கலாம். இந்தக் கடைசி வகை பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய்மார்களுக்கு வருவதுண்டு. சளிக்குச் சாப்பிடும் சில மூக்கடைப்பு மாத்திரைகளாலும் வரும். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக விட்டுவிடும்.

இதைக் கேட்டுவிட்டு, படம் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அழற்சி அல்ல. கொழுப்புப் படிவும் சில பேருக்கு வளையமாகவே வரும். பக்கவாதம் வந்த அன்றே கம்பி விட்டு ரத்தக்கட்டியை இழுத்து எடுத்தவர்களுக்கு, அந்த உராய்விலேயே சுவர் சில வாரங்களுக்குப் பளிச்சென்று இருக்கும். வயதானவர்களுக்குக் கழுத்திலிருந்து மண்டைக்குள் நுழையும் இடத்தில் தமனிச் சுவர் சாதாரணமாகவே கொஞ்சம் மருந்தைப் பிடிக்கும். அதனால் ‘சுவர் பிரகாசமாக இருக்கிறது’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் ஸ்டீராய்டு எழுதக் கூடாது. எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

அதே நேரத்தில், இந்தப் பிரிவினை உங்கள் வீட்டுக்காரருக்கு ஏன் இத்தனை முக்கியம் என்றும் பாருங்கள். கொழுப்பு என்றால் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்று ஆயுள் முழுக்க மாத்திரை. அழற்சி என்றால் ஸ்டீராய்டு, சிலருக்கு அதோடு சைக்ளோபாஸ்பமைடு போன்ற கடுமையான மருந்து. கொழுப்பு நோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சுகர் ஏறும், பி.பி. ஏறும், இருக்கிற நோய் மோசமாகும். அழற்சிக்காரரைக் கொழுப்பு மாத்திரையோடு அனுப்பிவிட்டால் அடுத்த வாதம் வருகிற வரை யாருக்கும் தெரியாது. 44 வயது, சுகர் இல்லை, பி.பி. இல்லை, புகை இல்லை என்கிறபோது கொழுப்பு என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. டி.பி. கிருமி மூளை உறையைத் தாக்கினால், மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான சீழ்ப் படலம் சேரும். அங்கே போகிற ரத்தக்குழாய்களின் சுவரும் சேர்ந்து அழற்சியாகி, வாதமாக வெளிப்படும். சுவர் ஸ்கேனில் அதுவும் வளையமாகத்தான் பளிச்சிடும். டி.பி. மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துவிட்டால் பெரிய ஆபத்து. அவருக்கு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பல வாரமாகத் தலைவலி, வீட்டில் யாருக்காவது இருமல் நோய் என்று ஏதாவது இருந்ததா? இருந்தால் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். முகத்தில், குறிப்பாகக் கண்ணைச் சுற்றி அக்கி வந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்த வைரஸ் சில வாரமோ மாதமோ கழித்து மூளை ரத்தக்குழாயைத் தாக்குவதுண்டு. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். ஸ்கேன் சொல்லாததை அந்த நீர் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் இருக்கிறது. ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டால் சுவரின் பளபளப்பு குறைய ஆரம்பித்துவிடும், பிறகு எடுக்கிற படம் பாதிக் கதைதான் சொல்லும். டாக்டர் அவசரமாக ஆரம்பிக்கச் சொன்னால் ஒழிய, ஸ்கேனை முதலில் முடியுங்கள். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு) இயந்திரம் உள்ள இடமாகப் பார்த்து, “சுவர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பழக்கம் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழக்கம் இல்லாத இடத்தில் எடுத்த மங்கலான படத்துக்குக் கொடுத்த காசு வீண். செலவுக்கு, மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எது எது திட்டத்தில் வரும் என்று அங்கேயே கேளுங்கள். கோரிப்பாளையம் வரை வருவதில் தயக்கம் வேண்டாம். பழைய படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 61 வயது. தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுத்தபோது மூளை ரத்தக்குழாயில் 4 மில்லிமீட்டர் புடைப்பு இருப்பதாக வந்தது. பிறகு சுவர் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘புடைப்பின் சுவர் மருந்தைப் பிடிக்கவில்லை’ என்று ரிப்போர்ட். இது நல்லதா, கெட்டதா? தலைக்குள் வெடிகுண்டு இருக்கிறது என்று அம்மா இரவெல்லாம் தூங்குவதில்லை. – திருமங்கலம் வாசகர்

பதில்: நல்ல செய்திதான் தம்பி. அம்மாவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

நூறு பெரியவர்களை வரிசையாக நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தால் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கும். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஆயுள் முழுக்க வெடிக்காமலேயே இருந்துவிடும். தலைசுற்றலுக்கும் இந்தச் சின்னப் புடைப்புக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்பதும் உண்மை, அதனால்தான் டாக்டர்கள் அலட்சியமாக விடுவதில்லை.

எது வெடிக்கும், எது வெடிக்காது என்பதுதான் கேள்வி. இத்தனை நாளும் அளவு, இருக்கும் இடம், வயது, ரத்த அழுத்தம், முன்பு வேறொரு புடைப்பு வெடித்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது வெடித்திருக்கிறதா, புகைப் பழக்கம் உண்டா என்பதை வைத்தே கணக்குப் போட்டு வந்தோம். அறுவை சிகிச்சையில் எடுத்த புடைப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வெடித்தவற்றின் சுவரில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்து, சுவரைத் தாங்கும் இழைகளை அரித்திருந்தன. அதாவது அழற்சி. அந்த அழற்சியை வெட்டாமலே வெளியிலிருந்து பார்க்க முடியுமா என்று தேடியபோதுதான் சுவர் எம்.ஆர்.ஐ. இந்தப் பக்கமும் வந்தது. வெடித்த புடைப்புகளிலும், வளர்ந்துகொண்டே போகும் புடைப்புகளிலும் சுவர் முழுவட்டமாகப் பளிச்சிடுவது அதிகம் என்று 2014-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று புடைப்புகள் இருந்து அதில் ஒன்று வெடித்திருந்தால், எது வெடித்தது என்று கண்டுபிடிக்கவும் இது உதவுகிறது.

பளிச்சிடுகிற புடைப்பெல்லாம் வெடிக்கப்போகிறது என்று அர்த்தம் இல்லை. பெரிய புடைப்புக்குள் ரத்தம் சுவரோரம் தேங்கி மெதுவாகச் சுழன்றாலே அது சுவரின் பிரகாசம் போலப் பொய் காட்டும். ஆனால் உங்கள் அம்மாவுடையதைப் போல, சின்னதாக இருந்து சுவரும் மருந்தைப் பிடிக்காமல் இருந்தால், அது இப்போதைக்கு அமைதியாக இருக்கிறது என்று அதிக நம்பிக்கையோடு சொல்லலாம். பளிச்சென்று இருப்பதை வைத்துப் பயமுறுத்துவதைவிட, பளிச்சென்று இல்லாததை வைத்து ஆறுதல் சொல்வதற்குத்தான் நான் இந்தப் படத்தை அதிகம் நம்புகிறேன்.

உங்கள் நரம்பியல் டாக்டர் அநேகமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோ மறுபடியும் எடுக்கச் சொல்வார். அதைத் தவறவிடாதீர்கள். அம்மா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒரு நாள்கூட விட வேண்டாம். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அம்மா பக்கத்தில் வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் புடைப்பின் அழற்சி குறையும் என்று எங்கோ படித்து மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் விஷயம், டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டும்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் இதுவரை இல்லாத அளவுக்குப் பொட்டில் அடித்தாற்போல ஒரே நொடியில் வரும் தலைவலி. ஒரு கண் இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்துபோவது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வயது 63. சுகர் பதினைந்து வருடமாக இருக்கிறது. போன மாதம் லேசான வாதம் வந்து சரியாகிவிட்டது. மூளை ரத்தக்குழாயில் 75 சதவீதச் சுருக்கம், உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் எந்த நேரமும் பெரிய வாதம் வரும் என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். சுவர் ஸ்கேனில் ஒரு பக்கமாகக் கொழுப்புப் படிவு, மருந்தைப் பிடிக்கிறது என்று இருக்கிறது. மாத்திரைகள் ஐந்தாறு இருக்கின்றன. உடம்பு நன்றாக இருப்பதால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். – பழங்காநத்தம் வாசகர்

பதில்: ஐயா, முதலில் அந்தக் கொழுப்பு மாத்திரையை இன்று ராத்திரியே மறுபடியும் ஆரம்பியுங்கள். நீங்கள் நிறுத்தியதுதான் எனக்கு அந்த 75 சதவீதத்தைவிடப் பயத்தைத் தருகிறது.

இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தவர்களை நாம் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம், அதனால் மூளைக்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். மூளைக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் நடந்த சாம்ப்ரிஸ் என்ற ஆய்வின் முடிவு 2011-ல் வெளிவந்தது. உங்களைப் போலவே மூளைக்குள் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்து, சமீபத்தில் வாதமோ அதன் முன்னோட்டமோ வந்த 451 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டென்டும் தீவிரமான மருந்தும், இன்னொரு பிரிவுக்கு மருந்து மட்டும். 30 நாளுக்குள் வாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம். புதிதாக ஆட்களைச் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சுவர்ப் படம் நன்றாகவே காட்டுகிறது. நடு மூளைத் தமனியின் சுவரிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. படிவு அந்தக் கிளைகளின் வாயருகே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே பலூனை ஊதி ஸ்டென்டை விரித்தால், படிவு நசுங்கி அந்த வாய்களை அடைத்துவிடும். பெரிய குழாய் திறந்துவிடும், கை கால் போய்விடும். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அதனால், சுவர் ஸ்கேன் எடுத்த இடத்தில், “படிவு குழாயின் மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா, கிளைகள் இருக்கும் பக்கமா?” என்று ஒரு வரி சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

படிவு மருந்தைப் பிடிக்கிறது என்பது, அது இன்னும் சூடாக இருக்கிறது, போன மாத வாதத்துக்கு அதுதான் காரணம் என்பதற்கு அடையாளம். அதை ஆற வைக்க மருந்து இருக்கிறது. அதிக அளவு ஸ்டாட்டினை ஆறு மாதம் கொடுத்து, சுவரின் அந்தப் பிரகாசம் குறைந்ததைக் கொரிய மருத்துவர்கள் சுவர் எம்.ஆர்.ஐ.யிலேயே காட்டியிருக்கிறார்கள். சாம்ப்ரிஸில் மருந்துப் பிரிவுக்குக் கொடுத்தது ரகசிய மருந்து ஒன்றும் இல்லை. ஆஸ்பிரினோடு 90 நாள், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ், மேல் பி.பி. 140-க்குக் கீழ், சுகர்க்காரர்களுக்கு இன்னும் குறைவாக, புகை கூடாது, நடக்க வேண்டும். பழங்காநத்தம் மருந்துக் கடையிலேயே எல்லாம் கிடைக்கும். இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் மறுபடியும் வாதம் வந்தால் ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மேடம், நான் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி. புற்றுநோய்க்கு பெட் ஸ்கேன் எடுக்கும்போது அழற்சியும் ஒளிர்கிறது என்று படித்தேன். அப்படியானால் மூளை ரத்தக்குழாய் அழற்சிக்கும் பெட் ஸ்கேனே எடுக்கலாமே? – மதுரை வாசகி

பதில்: நல்ல கேள்வி. பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். அழற்சி அணுக்கள் குளுக்கோஸை நிறையத் தின்பதால் அந்த இடம் ஒளிரும். ஆனால் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் மூளை, உடம்பின் குளுக்கோஸில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது. மூளை முழுவதும் ஒளிரும்போது அதன் மேல் ஓடும் அரை மில்லிமீட்டர்ச் சுவர் எங்கே தெரியும்? பெட் கேமராவுக்கு அத்தனை நுட்பமும் கிடையாது, சில மில்லிமீட்டர்களுக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது. கழுத்துத் தமனிக்கும் நெஞ்சிலுள்ள மகாதமனிக்கும் அது அருமையாக வேலை செய்கிறது. இளம் பெண்களுக்கு வரும் டகயாசு நோயில் மகாதமனி அழற்சியைப் பார்க்க அதைத்தான் எடுக்கிறோம்.

உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு வழி இருக்கிறது. கடோலினியம் கசிவைத்தான் காட்டுகிறது, அழற்சி அணுவைக் காட்டுவதில்லை. சுவரில் புதிதாக முளைத்த நுண்குழாய் கசிந்தாலும் பளிச்சிடும். அணுவையே பிடிக்க வேண்டுமானால் அது விழுங்கும் பொருளைக் கொடுக்க வேண்டும். ஃபெருமாக்ஸிட்டால் என்ற இரும்பு ஆக்சைடு நானோத்துகள் மருந்து அப்படிப்பட்டது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் ஏற்றினால் மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்ளும். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைவதால், ஒரு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் புடைப்பின் சுவரில் அந்த இடம் கறுப்பாக விழும். அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012 வாக்கில் மனிதர்களிடம் இதைச் செய்து, அறுத்து எடுத்த திசுவோடு ஒப்பிட்டும் காட்டினார்கள். அதே மருந்தால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று 2015-ல் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது, அதனால் புடைப்பைப் பார்க்கும் இந்த முறை ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. அணுவைக் காட்ட வேண்டும், ஆளுக்குத் தீங்கு வரக் கூடாது, படம் அரை மில்லிமீட்டரைவிட நுட்பமாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகத் தருகிற வழியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இயற்பியல் படித்தவர்கள் தேவை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் மகளே.

கேள்வி: அப்பாவுக்கு கிரியேட்டினின் 2.3. மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் கிட்னி போய்விடுமா? – செல்லூர் வாசகர்

பதில்: சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்தும் இதுவும் வேறு வேறு. கடோலினியத்தில் நாங்கள் பயப்படுவது, கிட்னி மிகவும் பழுதானவர்களுக்கு எப்போதாவது தோலும் மூட்டும் இறுகிப்போகும் ஒரு நோயைப் பற்றி. பழைய வகை மருந்துகளால்தான் அது அதிகம் வந்தது. இப்போதுள்ள வளைய வகை மருந்துகளில் மிக மிக அரிது. கிரியேட்டினினை மட்டும் பார்க்காமல், கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வயதோடு சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் ஸ்கேன் சென்டரில் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் டயாலிசிஸுக்கு முந்தைய நேரமாகப் பார்த்து ஸ்கேனை வைப்பார்கள். மருந்து வேண்டவே வேண்டாம் என்று முடிவானாலும் எடுக்கலாம். சுவரின் தடிப்பும், சுவருக்குள் புகுந்த ரத்தமும் மருந்து இல்லாமலே தெரியும்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்குச் சுவர் ஸ்கேன். எப்படித் தயாராக வேண்டும்? தாலியைக் கழற்றச் சொல்வார்களா? – உசிலம்பட்டி வாசகி

பதில்: தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு இரும்பு. அது பறந்துபோய் ஒட்டும், பக்கத்தில் இருப்பவர் கண்ணையும் குத்தும். ஊக்கு, ஹேர்பின், தாயத்து, அரைஞாண் கயிற்றில் கட்டிய தகடு, மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். சங்கிலியைக் கழற்ற மனம் இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டு வாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் பழைய கிளிப், காதுக்குள் கருவி ஏதாவது இருந்தால் அதன் அட்டையோடு முன்னாலேயே சொல்ல வேண்டும். பிள்ளையாண்டிருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள்.

மற்ற எம்.ஆர்.ஐ.யைவிட இதில் அசையாமல் இருப்பது முக்கியம். ஒவ்வொரு படமும் சில நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் எச்சிலை வேகமாக விழுங்கித் தலை ஆடினாலே, நான் தேடுகிற அந்த மெல்லிய கோடு கலங்கிவிடும். உள்ளே போவதற்கு முன் பாத்ரூம் போய்விடுங்கள், இருமல் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், மாத்திரை கொடுத்துவிட்டு எடுக்கலாம். சத்தம் பயங்கரமாக இருக்கும், காதுக்குப் பஞ்சோ ஹெட்ஃபோனோ தருவார்கள். ஒரு சத்தம் நின்று அடுத்தது ஆரம்பிக்கும் இடைவெளியில் எச்சில் விழுங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், முடியவில்லை என்றால் அழுத்துங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள்.

பழைய ஸ்கேன்களின் ஃபிலிமை மட்டும் கொண்டுவராதீர்கள், படங்களைப் பதிவு செய்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஃபிலிமில் குழாயைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடியாது. என்னென்ன மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தால் அந்தத் தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள்.